வந்தவாசி 1760: சம்பளம் வராத படை தோற்ற கதை (நிகழ்வு ஆய்வு)

எந்த நிகழ்வு, ஏன் இது

1760 ஜனவரி 22. வந்தவாசிக்கு வெளியே ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் நேருக்கு நேர் மோதின. முற்பகலில் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் எல்லாம் அடங்கிவிட்டது. சரியாக ஓராண்டு ஆவதற்குள் புதுச்சேரி விழுந்தது. அதன் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் தென்னிந்தியாவில் தனித்து நின்று ஆங்கிலேயரை எதிர்க்கும் நிலைக்குத் திரும்பவே இல்லை.

பள்ளிப் புத்தகத்தில் இது மூன்றாம் கர்நாடகப் போருக்குக் கீழே வரும் ஒரு வரி. ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் வென்றார், பிரெஞ்சுத் தளபதி கவுண்ட் லாலி தோற்றார், மதிப்பெண் இரண்டு. அந்த ஒரு வரியைப் படித்தவர்கள் இது இரண்டு தளபதிகளுக்கு இடையே நடந்த திறமைப் போட்டி என்றுதான் நினைப்பார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போருக்கு முந்தைய இருபது மாதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு ஒரு கதை தெரிகிறது. சம்பளமும் சோறும் இல்லாமல் ஒரு படையை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போக முடியும் என்பதுதான் அது. அதில் வரும் மனிதர்களில் பெரும்பாலோருக்கு ஆவணங்களில் பெயர் இல்லை. சுமை தூக்க இழுத்து வரப்பட்டவர்கள், சிப்பாய்கள், கலகம் செய்த பிரெஞ்சு சோல்ஜர்கள், கடைசியில் புதுச்சேரியிலிருந்து வெளியே தள்ளப்பட்ட குடும்பங்கள் என்று பலர். இந்தப் போரில் யார் எப்போது என்ன முடிவெடுத்தார்கள், அந்த முடிவு இவர்கள் தலையில் எப்படி விடிந்தது என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

பின்னணி

1756-ல் ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் தொடங்கியது. பிரிட்டனும் பிரான்சும் எதிரெதிர் அணியில் நின்றன. சோழமண்டலக் கரையில் இரண்டு நாட்டுக் கம்பெனிகளும் ஏற்கெனவே இரண்டு சுற்று சண்டை போட்டிருந்தன. நவாப் பதவிக்கு யாரை உட்கார வைப்பது, எந்தப் பாளையத்தின் கிஸ்தியை (நிலவரியை) யார் தண்டுவது என்பதையெல்லாம் இந்த இரண்டு வணிக நிறுவனங்களும்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தன. 1754-ல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே திரும்ப அழைக்கப்பட்ட பிறகு பிரெஞ்சுத் தரப்பில் வேகம் குறைந்திருந்தது. புதுச்சேரிக் கஜானாவில் கடன்தான் மிஞ்சியிருந்தது.

ஆங்கிலத் தரப்புக்கு 1757-ல் பிளாசியில் கிடைத்த வெற்றி வங்காளத்தின் பணத்தைத் திறந்துவிட்டது. சென்னையில் கை வறண்டால் கல்கத்தாவைக் கேட்கலாம். புதுச்சேரிக்குக் கேட்க ஆள் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல முடிவுகள் விளங்கும்.

1758 ஏப்ரல் கடைசியில் லாலி புதுச்சேரியில் வந்து இறங்கினார். அயர்லாந்து வம்சாவளி, ஐரோப்பியப் போர்க்களங்களில் பெயர் எடுத்தவர், தைரியசாலி. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த மண்ணை அவர் அதற்கு முன் பார்த்ததே கிடையாது. இங்கே படை நடத்துவது என்றால் மாடு, கூலி, அரிசி, கடன் கொடுக்கும் சாவுகார், வழி சொல்லும் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) என்று ஆயிரம் பேரின் ஒத்துழைப்பு வேண்டும். ஆணை போட்டால் எல்லாம் வந்து நிற்கும் என்று அவர் நம்பினார்.

முதல் அறிகுறிகள்: 1758

வந்த கையோடு கடலூரையும் அதன் பக்கத்திலிருந்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையையும் தாக்கினார். ஜூன் தொடக்கத்தில் கோட்டை விழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் அந்த முற்றுகைக்குப் பீரங்கியும் மூட்டையும் இழுக்கப் போதுமான மாடும் ஆளும் முன்கூட்டியே திரட்டி வைக்கப்படவில்லை. அதனால் புதுச்சேரி நகரவாசிகளையே பிடித்துச் சுமை தூக்க வைத்தார்கள். என்ன சாதி, என்ன தொழில், என்ன வயது என்று எதையும் பார்க்கவில்லை. கணக்கு எழுதுபவரும் கடை வைத்திருந்தவரும் சித்திரை, வைகாசி வெயிலில் தலைச்சுமையோடு கடலூர்ச் சாலையில் நடந்தார்கள். கட்டாய வேலை என்பதே கொடுமை. அதோடு அன்றைய சமூகத்தில் அது தீராத அவமானமாகவும் பட்டது. அன்று சுமந்தவர்கள் அதன் பிறகு அந்த நிர்வாகத்துக்கு மனமுவந்து ஒரு மாட்டையாவது கொடுத்திருப்பார்களா?

அடுத்து பணம். தஞ்சை மன்னர் பிரதாப சிங் பழைய பத்திரம் ஒன்றின்படி பிரெஞ்சுக்காரருக்கு 56 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று சொல்லி, அதை வசூலிக்கப் படையோடு கிளம்பினார் லாலி. வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் இருக்கும் என்று தோண்டிப் பார்த்தார்கள், எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. அங்கிருந்த பிராமணர்கள் சிலரை உளவாளிகள் என்று சொல்லி பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். இந்தச் செய்தி அடுத்த ஊருக்குப் போகும்போது என்னவாக மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தஞ்சை மன்னர் பேச்சுவார்த்தையை இழுத்துக்கொண்டே போனார். பிரெஞ்சு முகாமில் அரிசி தீர்ந்தது, வெடிமருந்து குறைந்தது. ஆகஸ்டில் கடலில் பிரெஞ்சுக் கப்பற்படை பின்வாங்கிய செய்தியும் வந்து சேர, லாலி முற்றுகையை விட்டுவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பினார். காவிரிக் கழனிகளுக்கு நடுவே அந்தப் படை பட்டினியோடு நடந்தது. நெல் விளையும் நாட்டில் ஒரு படை பட்டினி கிடந்தது என்றால், விளைந்த நெல் அவர்கள் கைக்கு வராமல் மக்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் சென்னை. 1758 டிசம்பர் நடுவில், கோட்டைக்கு வெளியே உள்ளூர் மக்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்தைப் பிடித்தார்கள். சோல்ஜர்கள் கொள்ளையிலும் சாராயத்திலும் இறங்கிக் கட்டுப்பாடு குலைந்தது. புனித ஜார்ஜ் கோட்டையை இரண்டு மாதம் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. வெளியே ஆங்கிலேயரின் சிப்பாய்த் தலைவர் யூசுப் கானும் மற்றவர்களும் பிரெஞ்சுக்காரரின் வழங்கல் வழிகளை விடாமல் நச்சரித்தார்கள். 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் லாலி காயம்பட்டவர்களையும் பீரங்கிகளையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

இதற்கிடையே எடுத்த இன்னொரு முடிவு எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. ஐதராபாத்தில் பல ஆண்டுகளாக நிஜாமின் அரசவையில் பிரெஞ்சுச் செல்வாக்கைக் கட்டிக் காத்துவந்த தளபதி புஸ்ஸியை லாலி தெற்கே அழைத்துக்கொண்டார். சென்னையைப் பிடிக்க எல்லாப் பலமும் ஓரிடத்தில் வேண்டும் என்பது அவர் வாதம். காகிதத்தில் சரியாகத்தான் தெரியும். ஆனால் புஸ்ஸி போனதும், பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த வடசர்க்கார் பகுதி (இன்றைய ஆந்திரக் கடலோரம்) தனியாக நின்றது. கிளைவ் வங்காளத்திலிருந்து அனுப்பிய கர்னல் ஃபோர்டு 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டினத்தைப் பிடித்தார். நிஜாம் சலாபத் ஜங்கும் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார். பிரெஞ்சுக்காரருக்கு ஒழுங்காகக் கிஸ்தி வந்துகொண்டிருந்த பெரிய நிலப்பரப்பு கைநழுவிப் போனது. வருமானத்தை வெட்டி எறிந்துவிட்டு, செலவை மட்டும் கையில் வைத்துக்கொண்டதுபோல் ஆயிற்று.

அக்டோபர் 1759: வந்தவாசியில் கலகம்

1759 செப்டம்பரில் டாஷே தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படை ஆங்கிலக் கப்பல்களோடு மோதிவிட்டுப் புதுச்சேரிக்கு வந்தது. கொஞ்சம் பணத்தையும் சில நூறு மாலுமிகளையும் கடற்படை வீரர்களையும் இறக்கிவிட்டு, மாத இறுதியில் மொரீஷியஸுக்குத் திரும்பிவிட்டது. நகரத்து அதிகாரிகள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. அந்தக் கப்பற்படை மறுபடி இந்தக் கரைக்கு வரவே இல்லை.

செப்டம்பர் இறுதியில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த வந்தவாசியைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார்கள். பிரெஞ்சுப் படைக்கு நீண்ட நாளைக்குப் பிறகு கிடைத்த வெற்றி அது. மகிழ்ந்திருக்க வேண்டிய படை மூன்றே வாரத்தில் கலகத்தில் இறங்கியது.

அக்டோபர் நடுவில் ஒரு நாள் லொரேன் படைப்பிரிவைச் சேர்ந்த சோல்ஜர்கள் முரசொலியோடு முகாமை விட்டு வெளியேறினார்கள். மற்ற ஐரோப்பியப் பிரிவினரும் சேர்ந்துகொண்டார்கள். பல மாதச் சம்பளம் பாக்கி. சாப்பாடு ஒழுங்காக இல்லை. தளபதி பணத்தைப் பதுக்கி வைத்திருக்கிறார் என்ற வதந்தி வேறு. அவர்கள் பீரங்கிகளையும் இழுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய்த் தனி முகாம் போட்டார்கள். தங்களுக்குள் ஒரு சார்ஜெண்டைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சார்ஜெண்டின் கீழ் காவல் முறையும் ஒழுங்கும் கெடவில்லை. குடித்துவிட்டுக் கூத்தடித்த கும்பல் இல்லை அது. கருப்பர் நகரக் கொள்ளையில் கட்டுப்பாடு இழந்த அதே படை, தன் கூலியைக் கேட்கும்போது கட்டுக்கோப்பாக நின்றது.

பேச்சுவார்த்தை நடந்தது. லாலி தன் கையிலிருந்தும் பணம் கொடுத்தார்; புதுச்சேரியில் வசதி படைத்தவர்களிடமும் திரட்டினார்கள். பாக்கியில் ஒரு பகுதி உடனே, மிச்சம் பிறகு, கலகத்துக்காக யாரையும் தண்டிப்பதில்லை என்று ஒப்பந்தமாகி அவர்கள் திரும்பினார்கள்.

தண்டிக்காமல் விட்டது பலவீனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருந்த நிலையில் செய்யக்கூடிய ஒரே நியாயம் அதுதான். தவறு அதற்கு அடுத்து வருகிறது. கலகம் காட்டிய அறிகுறியை லாலி பணத் தட்டுப்பாடு என்று மட்டுமே படித்தார். அதனால் பணம் தேடுவதற்காகப் படையையே உடைத்தார்.

இன்னொரு சேதமும் ஆனது. அந்தச் சமயத்தில் புஸ்ஸி, நிஜாமின் சகோதரர் பசாலத் ஜங்கோடு கூட்டுச் சேரப் பேசிக்கொண்டிருந்தார். சொந்தப் படையே கலகம் செய்கிறது என்ற செய்தி பரவிய பிறகு அந்தப் பேச்சில் எடை ஏது? கூட்டு கைகூடவில்லை.

நவம்பர், டிசம்பர்: இரு தரப்பு முடிவுகள்

லாலி தன் படையின் ஒரு பெரும் பகுதியைத் தெற்கே ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார். காவிரிக்கரையில் கிஸ்தி வசூலித்தால் சம்பள பாக்கியைத் தீர்க்கலாம் என்பது கணக்கு. வசூல் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் வடக்கே ஆள் குறைந்தது.

அதே நேரத்தில், அக்டோபர் கடைசியில், கர்னல் கூட் தன் 84-வது படைப்பிரிவோடு சென்னையில் வந்து இறங்கினார். 33 வயது. பிளாசியில் சண்டையிட்டவர். எதிரி படையைப் பிரித்திருக்கிறான் என்று தெரிந்ததும் அவர் ஆற்காட்டுப் பக்கம் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, நவம்பர் 30 அன்று வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார். பத்து நாளில் கருங்குழியும் விழுந்தது. செப்டம்பரில் ஆங்கிலேயரால் பிடிக்க முடியாமல் போன கோட்டை, இப்போது அதிகச் சேதம் இல்லாமல் கைக்கு வந்தது. சுவர் அதே சுவர்தான். உள்ளே ஆள் இல்லை.

லாலி ஸ்ரீரங்கத்துப் படையைத் திரும்ப அழைத்தார், மராட்டியத் தலைவர் முராரி ராவின் குதிரைப்படையிலிருந்து சில ஆயிரம் பேரைக் கூலிக்கு அமர்த்தினார், 1760 ஜனவரியில் கிளம்பினார். முதலில் காஞ்சிபுரத்தின் மேல் பாய்ந்தார். ஆங்கிலேயரின் அரிசிக் கிடங்கு அங்கே இருக்கிறது என்று நம்பிக்கை. பேட்டையைச் சூறையாடியதில் மாடுகள்தான் நிறையக் கிடைத்தன. அங்கிருந்து வந்தவாசிக்குத் திரும்பிக் கோட்டையை முற்றுகையிட்டார்.

புஸ்ஸி இதை எதிர்த்தார். முற்றுகை வேண்டாம், மராட்டியக் குதிரைகளை விட்டு ஆங்கிலேயரின் வழங்கல் வழிகளை அறுப்போம், அவர்கள் தாமாகப் பின்வாங்குவார்கள் என்பது அவர் யோசனை. எனக்குப் புஸ்ஸி சொன்னது சரி என்றுதான் படுகிறது. ஆனாலும் லாலியின் இடத்தில் நின்று பார்த்தால் அவர் ஏன் மறுத்தார் என்பதும் புரிகிறது. மராட்டியருக்குத் தினமும் கூலி. சொந்தப் படைக்குத் தருவதாகச் சொன்ன பாக்கி இன்னும் பாக்கி. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் செலவு. எதிரியைக் களைப்படைய விட வேண்டுமானால் காத்திருப்பவன் கையில் காசு இருக்க வேண்டும். லாலியிடம் இல்லை. ஒரே அடியில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தை அவருடைய முன்கோபத்தின் மேல் போட்டுவிட்டுப் போவது எளிது. அதில் பாதிக்கு மேல் காலிக் கஜானாவின் அவசரம்.

கூட் காத்திருந்தார். உத்திரமேரூர்ப் பக்கம் படையை நிறுத்திக்கொண்டு, கோட்டைக்குள் இருந்தவர்களிடமிருந்து செய்தி பெற்றுக்கொண்டிருந்தார். லாலியின் கனரக பீரங்கிகள் வந்து சேர்ந்து சுவரை உடைக்கத் தொடங்கும்வரை அவர் அசையவில்லை. காரணம் எளிது. முற்றுகை முழுமூச்சில் இறங்கிவிட்டால், சண்டை என்று வரும்போது லாலி ஒரு பகுதி ஆளைக் கோட்டைக்கு எதிரில் விட்டே தீர வேண்டும்.

ஜனவரி 22: களத்தில்

தை மாதத்தின் முதல் பாதி. சம்பா அறுவடைக் காலம். பல ஆயிரம் வெளியூர் வீரர்கள் அந்த நேரத்தில் சுற்றுவட்டாரக் கழனிகளை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டிடம் சுமார் 1,900 ஐரோப்பியர், 2,100 சிப்பாய்கள், 1,250 நாட்டுக் குதிரைப்படையினர். லாலியிடம் சுமார் 2,250 ஐரோப்பியர், 1,300 சிப்பாய்கள், அதோடு மராட்டியக் குதிரைகள். ஐரோப்பியக் குதிரைப்படையில் லாலிக்குத் தெளிவான மேலாதிக்கம் இருந்தது, பீரங்கியில் கூட்டுக்கு.

காலையில் மராட்டியர் சற்று மோதிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அதன்பின் அன்று அவர்கள் சண்டைக்கு வரவில்லை. கூட் தன் படையைக் கோட்டைக்குப் பக்கத்திலிருந்த குன்றின் அடிவாரம் வழியாக நகர்த்தினார். பாறை நிறைந்த தரை, குதிரைகள் பாய முடியாது. லாலியின் மிகப் பெரிய பலம் அந்த ஒரு நகர்வில் பாதியாகக் குறைந்தது. கோட்டையை எட்டிவிடும் தூரத்துக்குக் கூட் வந்துவிட்டதால், லாலி முகாமை விட்டு வெளியே வந்து அணிவகுக்க வேண்டியதாயிற்று.

பீரங்கிச் சண்டை தொடங்கியதும், ஆங்கில வரிசையின் இடப்பக்கம் தடுமாறுவதாக லாலிக்குத் தோன்றியது. உடனே குதிரைப்படையைப் பாயச் சொன்னார். அதன் அதிகாரி மறுத்தார். அவரை நீக்கிவிட்டு லாலி தானே தலைமை ஏற்று ஓட்டிக்கொண்டு போனார். எதிரிலிருந்த சிப்பாய்களும் நாட்டுக் குதிரைகளும் விலகினார்கள். ஆனால் இரண்டு ஆங்கிலப் பீரங்கிகள் சிறுகுண்டுகளைக் கிட்டத்திலிருந்து வாரி இறைத்ததும் குதிரைகள் திரும்பிவிட்டன.

அடுத்து லொரேன். அக்டோபரில் சம்பளம் கேட்டு முகாமை விட்டுப் போன அதே ஆட்கள். சுமார் 400 பேர், பன்னிரண்டு பேர் அகலத்துக்கு நெருக்கியடித்து ஒரு தூண்போல் நின்று, நேராகக் கூட்டின் சொந்தப் படைப்பிரிவின் மேல் நடந்தார்கள். ஆங்கிலேயர் சுடாமல் காத்திருந்து, சுமார் ஐம்பது கெஜ தூரத்தில் ஒருசேரச் சுட்டார்கள். முன்வரிசை சரிந்தது. பின்னால் வந்தவர்கள் நிற்கவில்லை. விழுந்தவர்களைத் தாண்டி வந்து ஆங்கில வரிசையை முட்டித் துளைத்தார்கள். துப்பாக்கிமுனைக் கத்திகளால் நெஞ்சோடு நெஞ்சாகச் சில நிமிடச் சண்டை. இரு பக்கத்திலிருந்தும் ஆங்கிலேயர் மடங்கி வந்து சூழ்ந்ததும் அந்தத் தூண் உடைந்தது.

நான் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். கலகக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் இவர்கள். அன்று பிரெஞ்சுத் தரப்பில் இவர்களைவிடத் துணிவாக முன்னேறிய பிரிவு எதுவும் இல்லை. பிரச்சினை அவர்களுடைய தைரியத்தில் என்றுமே இருந்ததில்லை.

அதே நேரத்தில் பிரெஞ்சு வரிசையின் இடக்கோடியில், ஒரு குளத்தின் கரையை அரணாக்கி நான்கு பீரங்கிகளோடு மாலுமிகளை நிறுத்தியிருந்தார்கள். ஆங்கிலக் குண்டு ஒன்று அங்கே நின்ற வெடிமருந்து வண்டியைத் தாக்கியது. ஒரே வெடிப்பில் சுமார் 80 பேர் இறந்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் ஓடினார்கள், பக்கத்திலிருந்த சிப்பாய்களும் ஓடினார்கள். ஆங்கிலப் படையின் மேஜர் பிரெரட்டன் அந்தக் குளக்கரையைப் பிடிக்கப் பாய்ந்து உயிரை விட்டார், ஆனால் கரை ஆங்கிலேயர் கைக்குப் போனது. புஸ்ஸி லாலியின் சொந்தப் பிரிவைத் திரட்டிக்கொண்டு அதை மீட்க வந்தார். அவருடைய குதிரை சுடப்பட்டது, நடந்தே போனார். திரும்பிப் பார்த்தபோது கூட இருந்தவர்கள் மிகச் சிலர். கைதானார்.

லாலி தன் சிப்பாய்களை முன்னேறச் சொன்னார். அவர்கள் நகரவில்லை. இதைத் துரோகம் என்று எழுதியவர்கள் உண்டு. தங்களுக்கும் சம்பளம் இல்லை, ஐரோப்பியருக்கே பாக்கி தீரவில்லை, கடலூர்ச் சாலையும் கீழ்வேளூரும் அவர்கள் கேள்விப்படாதவையும் இல்லை. அந்த மைதானத்தில் யாருக்காகச் சாவது என்ற கேள்விக்கு அவர்கள் கொடுத்த விடையாகவே இதைப் பார்க்கிறேன்.

பிரெஞ்சுப் படை சுமார் 600 ஐரோப்பியரை இழந்தது. அதில் 200 பேரின் உடல்கள் களத்திலேயே கிடந்தன. இருபதுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் பறிபோயின. ஆங்கிலத் தரப்பில் 63 ஐரோப்பியர் இறந்தார்கள், 124 பேர் காயமடைந்தார்கள். அன்று உண்மையான சண்டை பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் ஐரோப்பியருக்கும் நடுவில்தான். சண்டை முடிந்ததும் ஆங்கிலப் படையின் சிப்பாய் அதிகாரிகள் கூட்டிடம் வந்து, இப்படி ஒரு சண்டையைத் தாங்கள் இதற்குமுன் பார்த்ததில்லை என்று சொல்லி வாழ்த்தினார்களாம். அந்த அதிகாரிகளின் பெயர்களை யாரும் குறித்து வைக்கவில்லை.

அதன் பிறகு

கூட் நேராகப் புதுச்சேரிக்கு ஓடவில்லை. சேத்துப்பட்டு, ஆற்காடு, திருவண்ணாமலை, பெருமுக்கல், காரைக்கால், சிதம்பரம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். கிஸ்தி வரும் ஊரை எல்லாம் எடுத்துவிட்டால் தலைநகரம் தானாக வாடும் என்பது கணக்கு. போர்க்கலையாக இது சரியான முடிவு. ஆனால் அந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தில், புதுச்சேரிக்கு வடக்கே ஆங்கிலேயரின் குதிரைப்படை ஊர்களைக் கொளுத்திக்கொண்டும் மாடுகளை ஓட்டிக்கொண்டும் போனது. எந்த இராஜாவுக்கும் எந்தச் சண்டையையும் தொடுக்காத குடியானவர்களின் மாடுகள் அவை.

புதுச்சேரியை 1760-ன் நடுவிலிருந்தே சுற்றி வளைத்தார்கள். லாலி மைசூரின் ஹைதர் அலியோடு ஒப்பந்தம் போட்டார். உதவிக்கு வந்த படை ஒரு வெற்றிக்குப் பிறகு திரும்பிவிட்டது. நவம்பர் இறுதியில் உணவு தீர்ந்துகொண்டிருந்தபோது, நகரத்தில் மிஞ்சியிருந்த உள்ளூர் மக்களை வெளியேற்ற உத்தரவிட்டார். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 1,400 பேர். கோட்டைவாசலைத் தாண்டியதும் ஆங்கிலப் படை அவர்களை மேலே போகவிடவில்லை. திரும்பி வந்தால் பிரெஞ்சுக்காரர் உள்ளே விடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவிலிருந்த வெட்டவெளியில், வேர்களையும் புல்லையும் தின்றுகொண்டு எட்டு நாள் கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் கூட் வழிவிட்டார். 1758-ல் அதே நகரத்து மக்களைத்தான் பிடித்துக் கடலூருக்குச் சுமை தூக்க வைத்தார்கள் என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

1761 புத்தாண்டு பிறந்த இரவில் அடித்த புயலில் ஆங்கிலக் கப்பல்கள் பல நொறுங்கின. கடல்வழி கொஞ்ச நேரம் திறந்தது. உள்ளே வர ஒரு பிரெஞ்சுக் கப்பலும் இல்லை. ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. புதுச்சேரியின் அன்றாடத்தைக் கால் நூற்றாண்டாகத் தமிழில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள் முன்னால்தான் இறந்திருந்தார். ஆங்கிலேயர் கோட்டையை இடித்தார்கள், நகரத்தையும் இடித்தார்கள். ஏப்ரலில் செஞ்சியும் விழுந்தது.

1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் ஆங்கிலேயரின் ஆள் முகமது அலிதான் கர்நாடக நவாப் என்பதைப் பிரான்ஸ் ஏற்றுக்கொண்டாக வேண்டியிருந்தது. லாலியைப் பாரிஸில் விசாரித்து, 1766 மே 9 அன்று வாயில் துணி அடைத்துக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். வால்டேர் அவருக்காக வாதாடினார். 1778-ல் தீர்ப்பு ரத்தானது. காலியான கஜானாவோடு அவரை அனுப்பிய பாரிஸ் கம்பெனி இயக்குநர்கள் யாரும் அந்த மேடையில் ஏறவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தம் நிறைய உண்டு என்றாலும் இந்த முடிவு அநியாயமானது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எது வேறாக இருந்திருக்கலாம்

புஸ்ஸியை ஐதராபாத்தில் விட்டிருந்தால் வடசர்க்கார் வருமானம் இன்னும் கொஞ்ச காலம் நின்றிருக்கும். என் பார்வையில் முதலில் மாற்ற வேண்டிய முடிவு அதுதான். சம்பள பாக்கியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, கலகத்துக்கு அடுத்த இரண்டு வாரம். பாக்கி வாங்கிய படையை ஒன்றாக வைத்து, வந்தவாசியில் போதிய காவல் போட்டுவிட்டு, வசூலுக்குச் சிறு அணியை மட்டும் அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நவம்பர் 30 அன்று கூட் அந்தக் கோட்டைக்குள் அவ்வளவு எளிதாக நுழைந்திருக்க மாட்டார். ஜனவரியில் லாலி தன் கோட்டையையே மறுபடி முற்றுகையிட வேண்டிய நிலையும் வந்திருக்காது.

கூட்டின் தரப்பில் மாற்றச் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. அந்த 1,400 பேரை முதல் நாளே விட்டிருக்கலாம். முற்றுகை அதனால் ஒரு நாளும் நீண்டிருக்காது. ஏனென்றால் லாலி அவர்களை எப்படியும் திரும்ப உள்ளே சேர்த்துக்கொள்ளவில்லை.

கப்பற்படை செப்டம்பரில் போகாமல் இருந்திருந்தால் என்று கேட்பவர்கள் உண்டு. டாஷேயின் கப்பல்கள் அடிபட்டிருந்தன, பருவமழைக் காலத்தில் இந்தக் கரையில் ஒதுங்க நல்ல துறைமுகமும் அவருக்குக் கிடையாது. போயே தீர வேண்டும் என்பதில் நியாயம் இருந்தது. ஆனால் போகும்போது அவர் இறக்கிவிட்டுப் போன மாலுமிகளைத் தரைச் சண்டைக்குப் பழக்க லாலிக்கு மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் கலகத்திலும் வசூலிலும் கரைந்தது. ஜனவரி 22 அன்று வெடிமருந்து வண்டிக்குப் பக்கத்தில், வந்தவாசிக் குளக்கரையில் நின்றவர்கள் அவர்கள்தான்.